பதின்மூன்றாம் எண், நலம்

முதலில் ஒரு தவறைத் திருத்திவிட வேண்டும், தம்பி. வயதானவர்கள் எல்லோரும் விடியற்காலை நாலு மணிக்கே விழித்துக்கொண்டு விடுவார்கள் என்று இந்த நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் நம்புகிறார்கள். மருமகள்கள் நம்புகிறார்கள். பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறார்கள். முழுத் தவறு. ஆதாரம் உங்கள் முழங்கைக்குக் கீழேதான் இருக்கிறது. அந்தக் காகிதச் சுருள். நசுக்காதீர்கள், இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன்.

பதினான்கு பேர். எல்லோரும் தனியாக வாழ்கிறவர்கள். அறுபத்தேழு வயதிலிருந்து எண்பத்தொன்று வரை. மூன்று ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து மணிக்கு முன் விழிக்கிறவர்கள் மூன்றே பேர். கனகசபாபதி என்று ஒருவர் இருக்கிறார், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், ஏழேகாலுக்கு முன் அவர் கண் திறந்ததாக வரலாறே கிடையாது. இதை யாராவது மறுத்தால் என்னிடம் அனுப்புங்கள்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டீர்கள். நன்றி. இந்தக் காலத்தில் அது பெரிய மரியாதை. திண்டுக்கல்லில் இறங்குகிறீர்களா, மதுரை வரையா? மதுரையா, நல்லது, நானும் அங்கேதான். நேரம் இருக்கிறது.

நான் ரயில்வேக்காரன், பெயர் சௌந்தரபாண்டியன். ரயில்வேக்காரன் கரூரிலிருந்து பஸ்ஸில் வருகிறானே என்றுதானே பார்க்கிறீர்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். அந்த நாற்பது நிமிடத்தை நான் நடைமேடையில் நின்று பார்ப்பது, ஒரு சமையற்காரன் அடுத்தவன் கருகவிட்ட சட்டியை மோந்து பார்ப்பது மாதிரி. திரும்பி வந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் என்றால் என்ன என்று பொதுமக்களுக்குத் தெரியாது. கொடியாட்டுகிறவர் என்று நினைப்பார்கள். நாங்கள் ரயிலைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஓர் அறை, ஒரு மேஜை, காதில் போன். முன்னால் விரித்து வைத்த பெரிய கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் வந்து, இன்ன வண்டி இத்தனை மணிக்குக் கடந்தது என்பார். அவ்வளவுதான். நான் தாளில் புள்ளி வைப்பேன். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. வண்டி ஒழுங்காக ஓடினால் கோடு சரிவாக அழகாக இறங்கும். எங்கேயாவது நின்றுவிட்டால் படுத்துவிடும். படுத்த கோட்டைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை போனைத் தேடும்.

அந்த மாஸ்டர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள். இருபது வருடம் ஒரே ஆளிடம் தினமும் பேசியிருக்கிறேன், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதுதான் ஒழுங்கு.

சரி, இந்தப் பதினான்கு பேர் கதைக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் பரஞ்சோதி என்று ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். மனைவி இல்லை, மகன் வெளிநாடு. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் அங்கேயே கிடந்திருக்கிறார். முதல் நாள் கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார் பால்காரர். இரண்டாம் நாளும் போட்டார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் வந்து பை நிறைந்துவிட்டது, இனி எங்கே போடுவது என்று கேட்டார். அப்படித்தான் தெரிந்தது. உயிர் இருந்தது. அப்புறம் ஒன்பது நாள் இருந்தார்.

சங்கத்தைக் கூட்டினார்கள். தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை. என்ன ஆலோசனை வந்தது என்று நினைக்கிறீர்கள்? சிரிப்பு மன்றம். காலையில் பூங்காவில் வட்டமாக நின்று, இரண்டு கையையும் தூக்கி, ஹோ ஹோ ஹா ஹா என்று வலிந்து சிரிப்பது. பரஞ்சோதி மூன்று நாள் ஈரத் தரையில் கிடந்ததற்குப் பரிகாரம் இது. அதையும் ஒரு வாரம் செய்தார்கள். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பிள்ளைகள் வந்து, எங்கள் தலையில் காகிதத் தொப்பி மாட்டி, இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த நாலு பேரையும் சேர்த்து நாற்காலியைச் சுற்றி ஓடவிட்டார்கள். பாட்டு நின்றதும் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தவர்களால் எழுந்திருக்க முடியவில்லை. சீ.

அப்போதுதான் நான் எழுந்து சொன்னேன். தனியாக இருக்கிறவர்களுக்கு வரிசையாக எண் கொடுப்போம். காலை ஆறரைக்கு ஒன்றாம் எண் இரண்டாம் எண்ணை அழைக்கட்டும். இரண்டு மூன்றை. இப்படியே பதினான்கு வரை. பதினான்காம் எண் நான். நான் திரும்ப ஒன்றாம் எண்ணை அழைத்து முடித்துவிடுவேன். அழைக்கிறவர், "எண் ஐந்து, நலம்" என்பார். எடுக்கிறவர், "எண் ஆறு, நலம்" என்பார். வைத்துவிட வேண்டும். யாராவது மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால், அவர் வீட்டு மாற்றுச் சாவி எந்த அண்டை வீட்டுக்காரரிடம் இருக்கிறதோ அவர் போய்த் திறந்து பார்க்க வேண்டும். மொத்தம் ஒன்பது விதிகள். நானே எழுதி, நகல் எடுத்து, வீடு வீடாகக் கொடுத்தேன். நான்காவது விதி: அழைப்பு நாற்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது, சொந்த விஷயம் பேசக் கூடாது.

ஒரு அழைப்புக்குச் சுமார் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாற்பத்தைந்துக்குள் பதினான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். பரஞ்சோதிக்கு இது இருந்திருந்தால் ஒரே ஒரு பால் பாக்கெட்டோடு போயிருக்கும்.

அன்றிலிருந்து அவரவர் விழித்த நேரத்தையும் அழைத்த நேரத்தையும் மாலையில் என்னிடம் சீட்டில் கொடுத்துவிட வேண்டும். நான் வரைபடத்தில் ஏற்றுவேன். இந்தச் சுருளில் இருப்பது அதுதான். வண்டிகள் இல்லை, மனிதர்கள்.

திட்டம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். பேசினார்கள், தம்பி. நான்காம் எண் கனகசபாபதி. அவர் ஐந்தாம் எண் ஜுலைகா பீவியை அழைத்து, முந்தின இரவு என்ன சாப்பிட்டார், அது காலையில் வெளியேறியதா, வெளியேறாவிட்டால் எப்போது எதிர்பார்க்கிறார் என்று விவரமாகச் சொல்வார். சராசரி இருபத்தேழு நிமிடம். அந்த அம்மாள் அதைக் கேட்டு அனுதாபப்பட்டு, வெந்தயத்தை ஊறவைக்கும் முறையைச் சொல்வார். பிறகு ஆறாம் எண்ணை அழைத்து, கனகசபாபதிக்கு இன்றும் போகவில்லை என்று அறிவிப்பார். ஆறு ஏழிடம் சொல்லும். காலை எட்டரைக்குள் ஒரு மனிதரின் குடல் நிலவரம் எட்டுப் பேருக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டாம் எண் பல் துலக்கிக்கொண்டே பேசுகிறவர். "நலம்" என்பது நுரை வழியாக வரும். இவர்கள் கோடுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் எப்படிப் படுத்துக் கிடக்கிறது. எனக்கு அருவருப்பாக இருக்கும். சுற்றறிக்கை அனுப்பினேன். எச்சரிக்கை அனுப்பினேன். மூன்றாவது சுற்றறிக்கையைக் கனகசபாபதி ஜுலைகா பீவிக்குப் போனில் படித்துக்காட்டியதில் பதினோரு நிமிடம் போயிற்று.

ஒரே ஒருவர் விதிவிலக்கு. பதின்மூன்றாம் எண். மங்கையர்க்கரசி அம்மாள்.

முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். தினமும் இத்தனை பிள்ளைகள், இத்தனை முட்டை என்று எழுதிப் பழகிய கை. என்னை அழைக்க வேண்டியவர் அவர்தான். மூன்று ஆண்டுகள். "எண் பதின்மூன்று, நலம்." ஏழு விநாடி. என் பழைய மாஸ்டர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை. தொடக்கத்தில், முதல் வாரமோ என்னவோ, "சார், இன்னைக்கு என்னாச்சுன்னா" என்று ஒருமுறை ஆரம்பித்தார். நான் "விதி நான்கு" என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. ஒருமுறை சொன்னால் போதும். அதுதான் பயிற்சி. அவருடைய கோட்டை மட்டும் நான் பச்சை மையில் வரைவேன், தெளிவுக்காக.

போன வருடம் அந்தத் தொண்டு நிறுவனத்தார் மறுபடி வந்தார்கள். எங்கள் தொடர் அழைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு விருது கொடுக்க. பிளாஸ்டிக் கேடயம், அதன் மேல் ஒரு இதயம், இதயத்துக்கு மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது. பிரீத்தா என்று ஒரு பெண், எங்கள் எல்லோரையும் ஸ்வீட் தாத்தா, ஸ்வீட் பாட்டி என்று கூப்பிட்டு, மைக்கை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, இதனால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டது. கனகசபாபதி தன் குடலைப் பற்றிச் சொன்னார். கைதட்டினார்கள். மங்கையர்க்கரசி அம்மாளிடம் வந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தினமும் ஆறு மணிக்கே குளிச்சு, நல்ல சேலை ஒண்ணு கட்டிக்கிட்டு போன் பக்கத்துல உட்கார்ந்துருவேன். எட்டு, எட்டரை ஆயிரும் என் முறை வர. இருந்தாலும்" என்றார்.

அதற்குப் போய் எல்லோரும் சிரித்தார்கள், தம்பி. கனகசபாபதி என் முழங்கையை இடித்தார். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது? ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒற்றை ஆள் இல்லாத நடைமேடையிலும் சீருடையோடுதான் நிற்பார்கள். அது கடமை உணர்ச்சி. நான் அந்தக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் முன்னுரை.

தை மாதத்திலிருந்து பச்சைக் கோட்டில் ஒரு கோளாறு. ஏழு விநாடி ஒன்பதாயிற்று. பதினான்காயிற்று. பத்தொன்பது. வார்த்தை கூடவில்லை, கவனியுங்கள். "எண் பதின்மூன்று, நலம்" என்பார், நான் "எண் பதினான்கு, நலம்" என்பேன், பிறகு அவர் வைக்க மாட்டார். மூச்சு கேட்கும். பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்கும். நானும் வைக்க மாட்டேன், ஏனென்றால் அழைத்தவர்தான் முதலில் வைக்க வேண்டும், விதி ஐந்து. இப்படி இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் இருபத்தாறு விநாடி. நாற்பதுக்குள்தான், ஆனாலும் ஒழுங்கு குலைவது இப்படித்தான் தொடங்கும். நான் ஒரு மெமோ எழுதினேன். "பதின்மூன்றாம் எண் கவனத்துக்கு. தங்கள் அழைப்புகளில் சில நாட்களாகக் காரணமற்ற தாமதம் காணப்படுகிறது. சரிசெய்யவும்." அவர் வீட்டுக் கேட்டில் இருந்த தபால் பெட்டியில் நானே போய்ப் போட்டேன்.

மறுநாள் ஏழு விநாடி.

வரைபடத்தின் ஓரத்தில் "சீர் செய்யப்பட்டது" என்று எழுதினேன். பாருங்கள், இதோ. திருப்தியாகக்கூட இருந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. எட்டரை, எட்டே முக்கால், ஒன்பது. நான் மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அந்த அம்மாளின் சாவி ஜுலைகா பீவியிடம் இருந்தது. அவரை அழைத்து, உடனே போய்த் திறக்கச் சொன்னேன். பேசிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டேன். காலை நடை எனக்கு எப்போதும் உண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜுலைகா பீவி மூன்றே வரியில் முடித்தார். இருபத்தேழு நிமிடம் பேசுகிறவர். "அண்ணே, அவுங்க நேத்து மதியமே கரூர் போயிட்டாங்களே. மக வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. இனிமே அங்கதான்."

காலில் உணர்வு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சமையலறையில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். தை மாதத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஸ்கேன். தனியாக விட முடியாது என்று மகள் சொல்லிவிட்டாள். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. இதெல்லாம் யார் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். ஒன்றுக்குத் தெரியும். இரண்டுக்குத் தெரியும். பல் துலக்குகிறவருக்கு ஸ்கேன் எடுத்த தேதியே தெரியும். எல்லோருக்கும் தெரியும். கோடுகள் படுத்துக் கிடந்தனவே, அவ்வளவு நேரமும் இதைத்தான் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர். ஒருவர்கூடக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தரவில்லை.

கனகசபாபதி வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் பனியனோடு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். பழத்தை வைத்துவிட்டுச் சொன்னார், "அந்தம்மா யாரையும் சொல்லவிடல சார். சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன், நானே சொல்லிக்கிறேன்னுதான் சொல்லுச்சு. தினமும் காலையில இன்னைக்குச் சொல்லிருவேன்னு சொல்லும். சாயங்காலம் கேட்டா, இல்ல, நாளைக்குன்னு சொல்லும்." ஜுலைகா பீவியும் அங்கே வந்துவிட்டார். "நாப்பது செகண்டுல இதை எப்படிண்ணே சொல்றது?" என்றார்.

இதுதான் பொய். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "கால் மரத்துப்போகிறது. மகள் வந்து அழைத்துப்போகிறாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன்." ஆறு விநாடி. நிதானமாகச் சொன்னால் எட்டு. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பத்தைத் தாண்டவில்லை. முப்பத்திரண்டு விநாடி மிச்சம் இருக்கிறது, தம்பி. யார் மேல் தவறு?

அந்த இரண்டு மாதத்தில் ஐம்பத்தெட்டு நாள், "நலம்" என்று அறிக்கை. நலமாக இல்லாதபோது. ரயில்வேயில் இதற்குப் பெயர் பொய்த் தகவல். தண்டவாளத்தில் வண்டி நிற்கும்போது பாதை காலியாக இருக்கிறது என்று ஒரு மாஸ்டர் சொன்னால் என்ன ஆகும்? அதேதான். அதோடு, ஊரை விட்டுப் போகிறவர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், விதி ஒன்பது. பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு எழுதினேன். ஒப்புகை அட்டை வந்தது, அவர் கையெழுத்தோடு. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. விளக்கம் வரவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன். இதற்குள் பன்னிரண்டாம் எண் நேராக என்னை அழைக்கத் தொடங்கியிருந்தார். காலையில் என் காதில் நுரை.

வரைபடத்தில் பதின்மூன்றாம் வரி காலியாகவே போயிற்று. பெயரை அடிக்கவில்லை. விளக்கம் பெறாமல் அடிக்கக் கூடாது. அதனால்தான் நேரில் போய் விசாரணை நடத்துவது என்று முடிவு செய்தேன். விசாரணை ரகசியமானது. கனகசபாபதியிடம் சொன்னால் எட்டரை மணிக்குள் பதினோரு பேருக்குப் போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, சுருளையும் எடுத்துக்கொண்டு, இன்று காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மூன்றாவது மாடி. மகள் சுகந்தி கதவைத் திறந்தது. பெயரைச் சொன்னேன். உள்ளே திரும்பி, "அம்மா, உங்க கன்ட்ரோல் சாரு வந்திருக்காரு" என்றது. உள்ளேயிருந்து ஒரு நிமிடம் என்று குரல் வந்தது. பதினோரு நிமிடம் ஆயிற்று. சேலை மாற்றிக்கொண்டு, நாலு கால் ஊன்றியைத் தள்ளிக்கொண்டு வந்தார். விசாரணைக்கு உரிய உடையில் வருவது நல்ல மரபு, நான் குறை சொல்லவில்லை. மெலிந்திருந்தார். இருந்த அறையில் ஒரு ஜன்னல். திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வார நாட்களில் மகளும் மருமகனும் எட்டரைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார்களாம், மகளே சொன்னது.

நான் உட்கார்ந்து, மெமோவைப் படித்தேன். மூன்று கேள்விகள். ஒன்று, ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது தங்களுக்கு எந்தத் தேதியில் தெரியும். இரண்டு, அதை அடுத்த எண்ணுக்குத் தெரிவிக்காதது ஏன். மூன்று, ஐம்பத்தெட்டு நாட்கள் நலம் என்று தகவல் தந்தது ஏன். கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டார். மூன்றாவதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சொல்றேன் சார். எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார்.

விசாரணைக்கு நேர வரம்பு இல்லை என்றேன். அதுதான் நடைமுறை. எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

"வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும்" என்றார். சரி என்றேன். தை மாதத்திலிருந்து தொடங்குவார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் தொடங்கியது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து. அன்று காலை மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருப்பதைப் பார்த்தாராம். மீட்டர் கணக்கெடுக்க ஆள் வந்தால் கலைத்துவிடுவானே, என்ன செய்யலாம் என்று அன்றைக்கு என்னிடம் கேட்க நினைத்தாராம். அது செவ்வாய். புதன்கிழமை முட்டை இரண்டு. வியாழக்கிழமை குருவியை விட்டுவிட்டு, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனிடம் நடந்த சண்டை. வெள்ளிக்கிழமை ஒரு கனவு. கனவில் சாம்பார் அண்டாவோடு ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்க முடியாமல் நிற்கிறாராம், வண்டி நகர்கிறதாம்.

புரிகிறதா தம்பி? ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்ல இருந்ததை, சொல்லாமல் விட்டதை, தேதி வாரியாக வைத்திருக்கிறார். ஒரு நாள் விடவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை எண்ணிய தலை.

ஒன்றுகூட அறிக்கைக்குத் தகுதியான விஷயம் இல்லை. குருவி. பக்கத்து வீட்டுக் குக்கர். ரேஷன் கடையில் முன்னால் நின்றவள் போட்டிருந்த வளையல். ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒரு திருடன் போன் செய்தபோது அவனுக்குப் புத்தி சொன்னது. இதையெல்லாம் கேட்பதா ஒரு கட்டுப்பாட்டாளரின் வேலை? ஆனாலும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். விசாரணையில் குறிக்காமல் இருக்கக் கூடாது. இரண்டு இடத்தில் அவர் தேதியை நான் திருத்தினேன். ஓர் இடத்தில் அவர் என்னைத் திருத்தினார். சுருளை விரித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. மகள் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து வைத்தது. சாப்பிடும்போதும் அவர் நிறுத்தவில்லை. குருவி ஒரு குஞ்சை இழந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.

பதினொன்று ஐந்துக்குத் தொடங்கியது நாலு பதினேழுக்குக் களைத்து நின்றது. ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். அதற்குள் பதினோரு வாரம்தான் ஆகியிருக்கிறது. என் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் இன்னும் பதில் இல்லை. தை மாதத்துக்கு வர இந்த வேகத்தில் இன்னும் பதின்மூன்று சனிக்கிழமையாவது பிடிக்கும். அருவருப்பான காலவிரயம். வேறு வழியில்லை. விசாரணையை அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். விசாரணை முடியும்வரை பெயரை நீக்க முடியாது என்பதால், நாளையிலிருந்து பதின்மூன்றாம் எண் கரூரிலிருந்தே என்னை அழைத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டு வந்தேன். கரூரிலும் ஒரு வீட்டில் மாற்றுச் சாவி இருக்க வேண்டுமே. எதிர் வீட்டு அம்மாள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அந்த நாற்பது விநாடி என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். விதி விதிதான். நிலுவையில் உள்ள விசாரணைக்குத் தொடர்பான அழைப்புகளுக்கு அது பொருந்தாது என்று மட்டும் கீழே ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறேன்.

கரூர் பஸ் நிலையத்தில்தான் போனைத் திறந்தேன். அறுபத்து மூன்று அழைப்புகள் தவறியதாகக் குறுஞ்செய்திகள் வந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்து நாலாவது வந்தது. கனகசபாபதி. நான் "எண் பதினான்கு, நலம்" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல மாட்டேன், அவருக்குச் சளி உண்டு. "உசுரோடதான் இருக்கீங்களா சார்?" என்றார். காலையில் பன்னிரண்டாம் எண் மூன்று முறை அழைத்திருக்கிறார். போன் அணைந்திருக்கிறது. விதிப்படி அடுத்து சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் சாவி யாரிடமும் இல்லை. கட்டுப்பாட்டு அறையின் சாவியை வெளியே கொடுத்துவைக்கும் வழக்கம் கிடையாது. நான் ஊருக்குப் போவதை முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறார்கள். விதி ஒன்பது உறுப்பினர்களுக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறது, கட்டுப்பாட்டாளருக்கு என்று எங்கேயும் இல்லை.

எட்டு நாற்பதுக்குக் கடப்பாரை வைத்து உடைத்திருக்கிறார்கள். கதவைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்களாம். தச்சர் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை வாசலில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்க, முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.